நகர்ந்த அரிசி

பனியன் நகரத்து ராயபுரத்தில் மீரா சாகிப் மருந்துக்கடை போட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி ஆட்கள். விரலில் தையல் ஊசி ஏறியவர்கள், பஞ்சுத் தூசியால் இருமுகிறவர்கள், நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்கள். யாருக்கு என்ன எடுத்துக் கொடுப்பது என்பதில் அவர் பெரிதாகத் தடுமாறியதில்லை. 1988 ஆடி மாதம் மருதாள் வந்து நாய்க்கு மருந்து கேட்டபோதுதான் தடுமாற்றம் ஆரம்பித்தது.

மருதாள் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். வயது நாற்பத்தைந்து. இரண்டு சந்து தள்ளித் தனியாகக் குடியிருந்தாள். துணைக்கு செம்பி என்று ஒரு செவலை நாய்.

"ஏனுங்க பாய், நம்ம செம்பிக்கு வயித்துல பூச்சியாட்டம் இருக்குதுங்க. பின்னாடியத் தரையில தேச்சுக்கிட்டே போறா. சின்னப் பசங்களுக்குக் குடுக்கற மருந்து குடுத்தா ஆகுங்களா?"

மீரா சாகிப் யோசித்தார். நாய்க்கும் வயிறு, குழந்தைக்கும் வயிறு. பூச்சி மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். பத்து நாளில் மருதாள் திரும்ப வந்தாள். மருந்து கேட்கவில்லை என்றாள். மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை. வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார். ஆவணி பிறந்தும் செம்பி தரையில் தேய்த்துக்கொண்டுதான் இருந்தது.

கடையைச் சாத்துவதற்கு முன் மருந்து அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்த்தார். எதுவும் காலாவதி ஆகவில்லை. இதே மருந்தைத்தான் ஊர்க் குழந்தைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் கேட்காமல்தான் இருக்கிறதா, யாரும் வந்து சொல்லவில்லையா? அந்த எண்ணம் வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு நாய்க்குப் பூச்சி போகலைன்னு நீங்க எதுக்குங்க பட்டினி கெடக்கறீங்க?" என்றாள் மனைவி ஷரீபுன்னிசா.

"நாய்க்காக இல்ல. எங்க தப்புனே தெரியமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை மருதாள் வீட்டுக்கே போனார். நாயைத் தொடும் பழக்கம் அவருக்கு இல்லை. வாசலில் தள்ளியே நின்றார். கட்டிங் வேஸ்ட் துணி அடைத்த சாக்கின் மேல் செம்பி படுத்திருந்தது.

"பூச்சி எப்படி இருக்குதுக்கா? நீளமா, மண்புழு மாதிரியா?"

"புழுவை நான் கண்ணுல பாக்கலீங்க. வாலடியில அரிசியாட்டம் ஒட்டியிருக்கும். பக்கத்தூட்டு நஞ்சம்மாதான் பச்சரிசியைப் போட்டு வயித்தைக் கெடுக்கறாளோன்னு சண்டைகூடப் போட்டுட்டனுங்க. அவ சாமி சத்தியம் பண்றா."

சாக்கின் மேல் உண்மையிலேயே இரண்டு அரிசி கிடந்தன. மீரா சாகிப் குனிந்து பார்த்தார். அதில் ஒன்று குறுகியது. பிறகு நீண்டது. ஒரு விரற்கடை தூரம் நகர்ந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்துகொண்டார். பிறகு காகிதத்தால் அதை எடுத்து, பையில் இருந்த காலி மருந்துக் குப்பியில் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கால்நடை மருந்தகம் போனார். டாக்டரம்மா கிராமத்துக்கு முகாம் போயிருந்தார். அங்கிருந்த ஊழியர், "நாய்ச் சாணம் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். மறுநாள் மருதாள் பொட்டலம் கட்டிக் கொடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாணத்தை மட்டும் கேட்டதால் குப்பியைக் காட்ட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் சீட்டு வந்தது. புழு முட்டை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

சீட்டை வாங்கிப் பார்த்த மருதாளுக்குப் படிக்கத் தெரியாது. அவர் படித்துச் சொன்னார்.

"இல்லைங்கறாங்களா? அப்ப இது என்னங்க பாய்?"

அவர் பையைத் திறந்தார். குப்பியை எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது காய்ந்து, மஞ்சள் பாரித்து, அசல் அரிசி நொய்யாகவே ஆகியிருந்தது. தட்டிப் பார்த்தார். நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தான் பார்த்தது நிஜம்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெயிலில் கண் ஏமாற்றியிருக்குமோ? நஞ்சம்மாள் அரிசி போட்டதுதான் உண்மையோ?

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, வெட்கத்தோடு குப்பியைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். "இது அரிசிதான்னா திட்டிராதீங்க" என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் அதை ஊறவைத்தார். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "வந்து பாருங்க பாய்" என்றார். சின்னச் சின்னப் பைகள் தெரிந்தன. ஒவ்வொரு பையிலும் உருண்டை உருண்டையாகப் பத்துப் பதினைந்து முட்டை.

"இது நாடாப்புழுவோட ஒரு துண்டு. புழு குடலைப் புடிச்சுக்கிட்டு உள்ளயே இருக்கும். கடைசித் துண்டு மட்டும் கழண்டு கழண்டு வெளிய வரும். முட்டையெல்லாம் இந்தத் துண்டுக்குள்ளதான். சாணத்துல கலந்திருக்கணும்னு அவசியமில்ல. அதனால சீட்டுல இல்லைன்னு வந்திருக்குது."

"அப்ப நான் குடுத்த மருந்து?"

"அது உருண்டைப் புழுவுக்கு. நல்ல மருந்துதான். ஆனா இதைத் தொடாது."

குழந்தைகளுக்குக் கொடுத்தது வீண் இல்லை என்று தெரிந்ததில் அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நாயின் எடையைத் தெரிந்துகொண்டு வரச்சொன்னார் டாக்டரம்மா. எடைக்கு மருதாள் வேஸ்ட் துணி வாங்கும் கடைக்குப் போனாள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள், பிறகு தனியாக ஏறினாள். கழித்துப் பார்த்ததில் செம்பி பதினான்கு கிலோ.

"நாடாப்புழுங்கறாங்களே, எங்க கம்பெனியில ஜட்டிக்குப் போடற நாடாவைத் தின்னுருப்பாளோ?" என்று மருதாள் கேட்டாள். அது வேறு என்று மீரா சாகிப் சொன்னார். எப்படி வேறு என்று சரியாக விளக்க வரவில்லை.

எடைக்குத் தக்கபடி டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைக் கருவாட்டுச் சோற்றில் பொதிந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் வாலடி சுத்தமாக இருந்தது. மருதாள் நஞ்சம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். மீரா சாகிப் நன்றாகச் சாப்பிட்டார்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. ஒரு காலையில் கடை திறக்கும்போதே மருதாள் வந்து நின்றாள். கையில் மடித்த காகிதம். உள்ளே மூன்று அரிசி. மூன்றும் நகர்ந்தன.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நோய் இன்னதென்று தெரியும், மருந்து இன்னதென்று தெரியும், கொடுத்ததும் சரி. அப்புறம் எப்படி? இந்த முறை மருதாளையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.

"நாய் மேல தெள்ளுப்பூச்சி இருக்குதா?"

"அது இருக்குதுங்க, நெறைய" என்றாள் மருதாள். "கடிச்சுக் கடிச்சுத் திம்பா. ஆனா நாங்க வந்தது வயித்துப் பூச்சிக்குங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தான் வருதும்மா. படுக்கையில விழுந்த முட்டையைத் தெள்ளோட குஞ்சுப்புழு தின்னுரும். அது பெருசாகி நாய் மேல ஏறும். நாய் அதைக் கடிச்சு முழுங்கும். வயித்துல மறுபடி நாடாப்புழு."

"பூச்சிக்குள்ள பூச்சிங்களா?" என்று மருதாள் மீரா சாகிபைப் பார்த்தாள். அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். கேட்டதெல்லாம் புரிந்தது போலவும் இருந்தது, எதுவும் புரியாதது போலவும் இருந்தது.

"மனுசனுக்கு வருங்களா?" என்று கேட்டார்.

"தெள்ளை முழுங்கினா வரும். சின்னக் குழந்தைங்க நாயோட படுத்தா எப்பவாவது வரலாம். பயப்படாதீங்க, மருந்து இருக்குது. முதல்ல அந்தப் படுக்கையை ஒழிங்க. இல்லைன்னா மாசாமாசம் மாத்திரை குடுத்தாலும் தீராது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கை எரித்தார்கள். மூலையைக் கூட்டிப் பெருக்கி, மருதாள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். தெள்ளுப்பொடி போடும்போதுதான் சிக்கல். ஒரு ஆள் பிடித்தால் செம்பி நிற்கவில்லை. மீரா சாகிப் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாயின் கழுத்தைப் பிடித்தார். அது அவர் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது. பிடி தளர்ந்ததும் முகத்தோடு முகமாக அது உதறியதில் பாதிப் பொடி அவர் தலையில் விழுந்தது. நஞ்சம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் ஷரீபுன்னிசா வெந்நீர் வைத்தாள்.

இன்னொரு மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பொடி போட்டார்கள். தீபாவளி வரை மருதாள் தினமும் வாலடியைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அதற்குப் பின் யார் வந்து பூச்சி மருந்து கேட்டாலும், பார்க்க எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார். சிலர் முகம் சுளித்தார்கள். அரிசி மாதிரி என்று சொன்னவர்களை டாக்டரிடம் அனுப்பினார். வியாபாரம் போகிறது என்று மைத்துனர் சனாவுல்லா சலித்துக்கொண்டார்.

தொண்ணூற்றொன்றில் மருதாள் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போனாள். அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகப் பல்லடம் போன மீரா சாகிப், விசாரித்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். கேட்டைத் தொட்டதும் செம்பி குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. பெருத்து, ரோமம் மினுமினுவென்று இருந்தது.

"என்னைத் தெரியலையா இதுக்கு?" என்றார் அவர்.

"தெரிஞ்சதுனாலதானுங்க இந்தக் கத்து கத்துறா" என்றாள் மருதாள், கேட்டைத் திறந்தபடி. "வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்."