தூக்க முடியாத கணினி

மெல்பேர்ண் ரயிலில் எனக்கு எதிரே ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். மடியில் கைப்பிடி வைத்த சிறிய கணினிப் பெட்டி. பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருந்ததால் உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள் தெரிந்தன. நண்பர் வீட்டுக்குக் கேம் விளையாடப் போகிறான் போலும். அருகிலிருந்த பெண் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லை. நான் மட்டும் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய் நின்றேன். நின்ற பிறகுதான் ஏன் எழுந்தேன் என்று யோசித்தேன்.

அந்த வாரம் நானும் ஒரு கணினி தேடிக்கொண்டிருந்தேன். கண்டியில் இருக்கும் சிவா அண்ணனுக்காக. கேம் விளையாடக்கூடியதாக இருக்க வேண்டும், கையோடு எடுத்துப்போகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை என்னுடையது, அவன் கேட்கவில்லை. கணினி வலையமைப்பு படித்தவள் நான். எதையும் தாளில் இரண்டு நிரலாகப் பிரித்து எழுதாமல் எனக்கு முடிவெடுக்க வராது. ஒரு பக்கம் சிறிய டெஸ்க்டொப், மறுபக்கம் லெப்டொப். வேகம், கிராபிக்ஸ் கார்ட், சூடு தாங்குவது, பழுதானால் கண்டியில் பாகம் கிடைப்பது, எல்லாவற்றிலும் டெஸ்க்டொப்தான் முந்தியது. லெப்டொப்பின் பக்கம் இரண்டே வரி: எடை குறைவு, பிளக் இல்லாமல் ஒன் ஆகும். அந்தக் கடைசி வரிக்காகவே லெப்டொப் என்று முடிவு செய்தேன். காரணத்தை ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே கடைக்காரனுக்கு விளக்க முயன்றேன்.

“நின்ற இடத்திலேயே, உடனே ஒன் ஆக வேண்டும்.”

“காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்களா?”

“இல்லை. செக்பொயின்டில் கேட்பார்கள்.”

“ஓ, விமான நிலையம்! அங்கே இப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை,” என்று ஆறுதல் சொன்னான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, வெயிலில் சார்ஜ் ஆகும் ஒரு தகட்டையும் எடுத்துக் காட்டினான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவன் மேல் பிழையில்லை.

எங்கள் அப்பா மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் டவுனில்தான் வளர்ந்தோம், ஆனால் அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியே இருந்தது. அண்ணனோடு டெக்னிக்கல் கொலேஜில் படித்த சிங்கள நண்பன் நுவனுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பல்லேகலவில் வீடு. ஒவ்வொரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கும் அண்ணன் தன் சிறிய கணினியை ஒரு பயணப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போவான். நுவன் வீட்டில் இன்னொரு மொனிட்டர் இருந்தது. இரண்டு கணினியையும் கேபிளால் இணைத்தால் பொழுது போவதே தெரியாது. சில நாட்களில் நானும் அவனோடு பஸ்ஸில் போவேன். அப்படி ஒரு நாள்:

“அண்ணே, பேக்க மடியில வைங்க. கீழ எல்லாம் தண்ணி.”

“ஒன்னும் ஆகாது. இன்னைக்கு இருக்கு நுவனுக்குப் பூசை.”

“போன போயாவுக்கும் இதத்தான் சொன்னீங்க. யாருக்குப் பூசை நடந்துச்சுன்னு நான் சொல்லவா?”

“வாய மூடிக்கிட்டு வாறதுன்னா வா.”

அன்று வழியில் ஆமி செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். கொழும்பில் குண்டு வெடித்திருந்த வாரம் அது. ஆமிக்காரன் பையைத் திறந்து பார்த்தான். என் வயதுதான் இருக்கும் அவனுக்கு.

“மேக்க மொகக்த?” இது என்ன என்றான், சிங்களத்தில்.

“கொம்பியூட்டர் எக்கக், சேர்.”

“ஒன் கரலா பென்னன்ன.” போட்டுக் காட்டு.

“கரண்ட் நெத்துவ பே, சேர்.” கரண்ட் இல்லாமல் முடியாது.

அவன் உண்மையிலேயே பிளக் தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தான். மணல்மூட்டைகளும் ஒரு பலாமரமும்தான் இருந்தன. பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான், முகவரியைப் படித்தான், உள்ளே இருந்த அதிகாரியைக் கூப்பிட்டான். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். நுவனின் அப்பா பொலிஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டபின், மூன்றாம் நாள்தான் விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று அண்ணன் இன்றுவரை சொல்லவில்லை. கணினி வந்தது, ஹார்ட் டிஸ்க் வரவில்லை. அதன்பின் அவன் பை தூக்குவதை விட்டுவிட்டான். சோற்றுப் பார்சல்கூட இல்லாமல், கைகளை வீசிக்கொண்டு வேலைக்குப் போய் வருவான். பல்லேகலப் பக்கம் போகவேயில்லை. நுவன்தான் சில தடவை வீட்டுக்கு வந்தான். தமிழன் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று அவனையும் யாரோ விசாரித்த பிறகு, அவனும் வருவதில்லை.

லெப்டொப் இருந்தால் அண்ணன் மறுபடி வெளியே போவான் என்று நான் நம்பினேன். தொலைபேசியில் சொன்னேன்.

“பெட்டரி இருக்கு அண்ணே. எங்க கேட்டாலும் ஒன் பண்ணிக் காட்டலாம்.”

“காட்டலாம். காட்டுனா அதோட விட்டுருவாங்களா? உள்ள உன் மெயில் இருக்கும், படம் இருக்கும். வெளிநாட்டுல யாரு, என்னா எழுதுறான்னு கேப்பாங்க. ஒன் ஆகலேன்னா அது குண்டு. ஒன் ஆச்சுன்னா நீ யாருன்னு கேள்வி.”

“அப்ப என்னாதான் வேணும்?”

“பெருசா ஒன்னு. தூக்க முடியாததா. யாரும் ‘எடுத்துக்கிட்டு வா மச்சான்’னு கூப்பிட முடியாத மாதிரி.”

“ஃப்ரிட்ஜ் சைஸுலயா?”

“அதுன்னா இன்னும் நல்லம். சோத்தையும் உள்ள வச்சுக்கலாம்.”

முதலில் அவன்தான் சிரித்தான். தொலைபேசியை வைத்த பிறகு என் நிரல்களைப் பார்த்தேன். எடை என்ற வரியில், குறைவாக இருப்பதே நல்லது என்று எழுதி வைத்திருந்தேன். இங்கே வந்த பிறகு பழகிக்கொண்ட கணக்கு அது.

கண்டிக் கடையொன்றில் பெரிய டவர் கணினியாகச் சொல்லி அண்ணனின் அறையில் இறக்க வைத்தேன். லெப்டொப்பை எனக்கு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைகளில், எனக்குப் பிற்பகல், அவர்களுக்குக் காலை, நுவனையும் சேர்த்து மூவரும் இணையத்தில் விளையாடுகிறோம். கண்டிக்கும் பல்லேகலவுக்கும் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அண்ணனும் நுவனும் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சேர்வரில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

போன சனிக்கிழமை கேமில் ஓர் ஆறு வந்தது. நுவன் எங்கோ பின்னால் சுட்டுக்கொண்டிருந்தான்.

“நீ மொதல்ல போ தங்கச்சி. பாத்துட்டுச் சொல்லு,” என்றான் அண்ணன்.

நான் கடந்தேன். “வாங்க அண்ணே. இங்க ஒருத்தரும் இல்ல.”

ஆற்றின் அந்தப் பக்கம் அவன் உருவம் அசையாமல் நின்றது. இணைப்பின் தாமதமா, அவனேதான் நிற்கிறானா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியாது. முன்னே பாதை திறந்து கிடந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.