செயினில் தடவிய வண்டி மை

கல்யாணமான இரண்டாம் வருடம் எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். அன்னவாசல் பக்கம் ஐந்து மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வர என் வீட்டுக்காரர் வாங்கிய சைக்கிளைத்தான் சொல்கிறேன். அவர் வாத்தியார். வகுப்புக்குப் போடுவதுபோல அதற்கும் ஒரு டைம்டேபிள் போட்டு, முத்து முத்தாக எழுதிச் சுவரில் ஒட்டினார். சனிக்கிழமை துடைப்பது, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய், மாதம் ஒரு தடவை செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுக்கோட்டைக் கடையில் ஓவராயிலிங். ஒன்றும் தவறாது. நான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது அவருக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. பெடல் கொஞ்சம் முனகினால் மட்டும் தெருமுனையிலேயே இறங்கிவிடுவார்.

அதுகூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயில் மூன்று மைல். அடுத்த வீட்டுக்காரி தன் புருஷனின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுக் கடந்து போவாள். எனக்கு வயிறு எரியும். நானும் ஏறட்டுமா என்று கேட்டால், இரட்டைப் பாரத்துக்குச் சக்கரக் கம்பி தளர்ந்துவிடும் என்று பாடம் நடத்துவார். என்கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கை அதன்மேல்தானே இருந்தது!

ஒருமுறை பத்து நாள் டிரெயினிங் என்று பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனார். போகும்போது சுவரைக் காட்டி, செயினுக்கு எண்ணெய் விடுகிற நாள் வருகிறது, மறக்காமல் விட்டுவிடு என்றார். உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சைக்கிளை நான் கவனிக்கிற கவனிப்பில் மனுஷன் மூக்கில் விரல் வைக்கவேண்டும் என்று நினைத்தேன். அவர் டப்பாவில் இருந்த எண்ணெய் தண்ணீராக ஓடியது. நானோ மாட்டுவண்டி வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பா வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போட்டால், கறம்பக்குடிச் சந்தைவரை வண்டி சத்தமே போடாது. அதே பக்குவத்தில் குழைத்து, செயினிலும் பல்சக்கரத்திலும் அப்பு அப்பென்று அப்பினேன்.

திரும்பி வந்த மறுநாள் அதில் ஏறிப் பள்ளிக்கூடம் புறப்பட்டார். ரோட்டுச் செம்மண் அத்தனையும் அந்த மையில் ஒட்டி, செயின் இறுகி, பாதி வழியிலிருந்து தள்ளிக்கொண்டே போய், சாயங்காலம் தள்ளிக்கொண்டே திரும்பினார். திட்டியிருந்தால் தேவலை. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தவர், அந்தச் செயினைப் பார்த்துப் "பாவம்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "எனக்கும் ஒரு டைம்டேபிள் போட்டு ஒட்டுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ என் மொகத்தப் பாத்தாப் போதும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கையில் துணியோடு அவர் என்னையே பார்த்தபடி இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போர்வையை நாலாக மடித்துக் கேரியரில் கட்டி, "ஏறு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வீட்டுக்காரி பார்க்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஊர் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி தடக்கென்று இறங்கியது. எனக்கு இடுப்பு எலும்பே கழன்றதுபோல் ஆயிற்று. அவர் பதறிப்போய் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்பக்கம் ஓடிவந்தார். பாவம், எவ்வளவு பதறுகிறார் என்று மனசு இளகி, ஒன்றுமில்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குனிந்து, பின்சக்கரத்துக் கம்பியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.