கேடயத்தின் பங்கு

வாசகரே, நான் வென்றிருக்கக் கூடாத ஒரு வாதத்துக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். பேச்சுப்போட்டி மேடையில் நான் வாங்கிய கோப்பைகளைப் பற்றிப் பிறர் சொல்லட்டும். கைப்பேசித் திரையில் நான் உயிர்விட்டதைப் பற்றி நானே சொன்னால்தான் எனக்கு நிறைவு.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, படகுத் தொழில் செய்யும் என் நண்பன் மதியந்தோறும் தருமபுரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவான். அவன், என் அக்கா, நான் என மூவரும் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒரே விளையாட்டுக்குள் இறங்குவோம். பூமிக்கடியில் பத்து அடுக்கு நிலவறை; அடுக்குக்கு அடுக்கு பூதங்களும் புதையல்களும். அவன் கேடயம் ஏந்தி முன்னால் நிற்பவன். அக்கா வில்லாளி. நான் மந்திரவாதி. அங்கே செத்தால் செத்ததுதான். தடைக்காலம் முழுவதும் பாடுபட்டு வளர்த்த வீரன் அடியோடு அழிந்துபோவான்.

அவன் கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் பத்தாம் அடுக்கின் வாசலில் நின்றோம். மூவருக்கும் பொதுவாகக் கையில் பன்னிரண்டு மருந்துக் குப்பிகள்.

"கடல்ல மீன் வித்த காசுல செய்ற மாரி, மொதல்ல படகுக்குப் பங்கு எடுத்து வைக்கணும்டா. அப்பறந்தான் ஆளுக்கு" என்றான் நண்பன்.

"இங்க ஏதுடா படகு?"

"என் கேடயந்தான். அது ஒடஞ்சா மூணு பேரும் முழுகிடுவோம். பாதி அதுக்கு. மீதிய மூணாப் பிரி."

நான் எழுந்து நின்றேன். "உழைப்பு மூவருக்கும் பொது, ஆபத்து மூவருக்கும் பொது எனில், பங்கு மட்டும் எவ்வாறு வேறாகும்?" என்று தொடங்கி, மூன்று சான்றுகள் அடுக்கி, குரலை உயர்த்தி முடித்தேன்.

"உக்காருடா, நடுவர் எழுந்து ஓடிட்டாரு" என்றாள் அக்கா. ஆயினும் அவளுடைய தீர்ப்பு எனக்கே கிடைத்தது.

"உன்கிட்ட பேசி ஜெயிக்க இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்" என்று சிரித்தபடி நண்பன் நான்கு குப்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டான்.

உள்ளே இருந்த கல்பூதம் என்னையும் அக்காவையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடியும் கேடயத்தின் மீதே விழுந்தது.

"மருந்து தீந்துபோச்சுடா!" என்று நண்பன் அலறினான்.

அக்கா எட்ட இருந்த பாறைமேட்டில் நின்று அம்பு விட்டுக்கொண்டிருந்தாள். என் நான்கு குப்பிகளும் அப்படியே இருந்தன. என்மீது ஒரு கீறல்கூட இல்லை. குப்பியைக் கொடுக்க அவன் அருகில் போய் நிற்க வேண்டும். மந்திரவாதியின் உடலோ ஓர் அடியைத் தாங்காது.

"போவாதடா, செத்துடுவ!" என்று அக்கா கத்தினாள்.

ஓடினேன். நான்காவது குப்பி கைமாறிய கணத்தில் பூதத்தின் முட்டி என்மேல் இறங்கியது. என் திரை கறுத்தது; வீரர் பட்டியலிலிருந்து என் மந்திரவாதி மறைந்தான். நண்பனின் திரையை எட்டிப் பார்த்தேன். அவன் குடித்தான், நிமிர்ந்தான், தாங்கினான். அக்காவின் அம்பு பாய்ந்ததும் பூதம் சரிந்தது. மூவரிலும் உரக்கக் கூவியவன் செத்துப்போன நான்தான்.

அந்தத் தவறான தீர்ப்பை வாங்கியவன் நான். அதைத் திருத்தியவனும் நானே. எந்த மேடையிலும் நான் அவ்வளவு தலைநிமிர்ந்து நின்றதில்லை.

"உன் ஆளு போய்ட்டானேடா. திரும்ப மொத அடுக்குலேந்து எறங்கணுமே" என்றான் நண்பன், என் முகத்தைப் பார்க்க முடியாமல்.

"எறங்குறேன். இனிமே எந்தப் புதையல் பெட்டியத் தொறந்தாலும் ஒன் கேடயத்துக்குப் பாதி எடுத்து வச்சிட்டுத்தான் எனக்குன்னு கைநீட்டுவேன். அதுக்கு எதிரா ஒரு வார்த்தை பேச மாட்டேன்டா."