அப்பாவின் ஜெபத்தில் பதினான்கு பெயர்கள்

"அம்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்று ஊர்வலத்துக்குக் கிளம்பிய மகள் போனைக் காட்டினாள். பர்மாவில் மறுபடியும் ராணுவ ஆட்சி; சூலே பகோடா பக்கம் சிப்பாய்கள் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். எனக்கு நீல மசி கரைந்த வாளித் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

என் அப்பா போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் கிளார்க். ஒரு சிறிய கிறிஸ்தவக் கட்சியின் செயலாளர். குடும்பமும் கோயிலும் சொந்தத் தொழிலும் அரசாங்கத்துக்கு முந்தியவை, ஏழையைத் தாங்குவது எல்லார் கடமை என்று அந்தக் கட்சி நம்பியது. நான் சிறுமியாயிருந்தபோது ராணுவம் கட்சிகளைத் தடைசெய்ததும், நீல மசியில் எழுதிய பதினான்கு உறுப்பினர்களின் பட்டியலை அப்பா வாளியில் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்கினார்.

ஆனாலும் அவர்களைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. மாலை ஜெபத்தில் பதினான்கு பேரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். மெழுகுவத்தி வாசனையில் முழங்காலிட்டு நானும் கூடவே சொன்னேன்.

ஒருநாள் பள்ளி வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தபடி பர்மியத்தில் கேட்டார்: "பாப்பா, வீட்டுல யாருக்காக ஜெபம் பண்றீங்க?"

"மரியதாஸ் மாமாவுக்கு" என்று முதல் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்ததும் பயந்து ஓடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் மாமாவின் இடம் காலி. அன்று மாலை அப்பா அந்தப் பெயரை இரண்டு முறை சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.

"நான் யார்கூடப் போறேன்னா..." என்று இப்போது மகள் தொடங்கினாள்.

"என்கிட்ட சொல்லாதடி!" என்று காதுகளைப் பொத்திக்கொண்டேன்.