முன்கட்டை இல்லாத துப்பாக்கி

மருங்காபுரியில் எங்கள் கடலைக்கொல்லையைக் காட்டுப்பன்றிகள் நாசம் செய்த வருடம் அது. துப்பாக்கி லைசென்ஸை என் பெயரில்தான் வாங்கினோம். என் வீட்டுக்காரரின் கோபம் ஊரறிந்தது. அவருக்கு யார் கொடுப்பார்கள்?

ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். எல்லாம் சரியாக இருந்தது. குழலை அடியில் பிடித்து நிறுத்தும் முன்கட்டையை மட்டும் காணோம். அது இல்லாவிட்டால் குழல் கழன்று வந்துவிடும்.

“எப்பவோ தொலைஞ்சு போச்சு. கம்பியால கட்டிக்கோங்கோ,” என்றார் அதிகாரி.

“ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு இருக்கு,” என்று என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கிவிட்டார்.

எனக்கு விட்டுவிட்டுப் போக மனமில்லை. கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் கேட்டேன். சொம்போடு வந்த அதிகாரியின் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஐயாவுக்குக் கோவம் வருமாம்மா?”

“ஏன் கேக்கறே?”

“எங்க வீட்டுல அரிவாளை நான் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பேன்.”

அந்த அம்மாள் உள்ளே போய், தவிடு ஒட்டிய முன்கட்டையோடு வந்தார். “இவர் பக்கத்தாத்துக்காரரோட சண்டை போட்ட அன்னிக்கு எடுத்து வெச்சேன். எங்க கெடச்சதுன்னு மட்டும் சொல்லிடாதே.”

“கொல்லையில கெடந்துச்சுங்க,” என்று அதிகாரியிடம் சொல்லி, அவர் கண்ணெதிரே மாட்டினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. அவர் கேட்ட பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி வந்தோம்.

அந்த வாரமே நான் சுட்ட முதல் வெடிக்குப் பன்றிகள் சிதறி ஓடின. அவ்வருடம் கடலை முழுசாக வீடு வந்து சேர்ந்தது.

சுட்டு முடித்ததும் முன்கட்டையைக் கழற்றி வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் அதைத் தேடாத இடமில்லை, அடுப்படியைத் தவிர.