மோதிரமும் சோற்றுப் பையும்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம். பச்சைத் தேயிலை விலை விழுந்ததும் கூலிக்கு ஆள் வைக்க முடியவில்லை. அதனால் பக்கத்துத் தோட்டத்துச் செல்வி அக்காவும் நானும் இரண்டு தோட்டங்களிலும் மாற்றி மாற்றி இலை பறித்தோம்.

அப்போதுதான் எனக்கு நிச்சயதார்த்த மோதிரம் வந்திருந்தது. டிசைனர் மோதிரம்! கொடி பின்னியது போன்ற தங்கம், நடுவில் ஒற்றை வைரம். கழற்ற மனமே வராமல், அதன் மேலேயே ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு பறித்தேன். டீ குடிக்கக் கையுறையை உருவினால், விரலில் மோதிரம் இல்லை.

அங்கே இருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். "அக்கா, உங்க மூட்டையக் கொஞ்சம் கொட்டிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் இலை முழுவதையும் கொட்டினார். "சோத்துப் பையையும் ஒதறிக் காட்டறேன், நல்லாப் பாத்துக்க கண்ணு."

அதற்குப் பிறகுதான் என் கையுறையைக் கவிழ்த்துத் தட்டினேன். மோதிரம் காலடியில் விழுந்தது.

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "உடு, கெடச்சுதல்ல" என்றார்.

அது இன்னமும் எனக்குப் பிடித்த மோதிரம்தான். ஆனால் வீட்டில் கழற்றி வைத்துவிட்டே தோட்டத்துக்குப் போகிறேன். எது காணாமல் போனாலும் முதலில் என் பொருட்களுக்குள்தான் தேடுகிறேன். செல்வி அக்காவோ, எங்கள் தோட்டத்தில் பறிக்கும் நாளெல்லாம், யாரும் கேட்காமலே சோற்றுப் பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார்.