மேல் வீட்டுக்கு வெள்ளைக் கொடி

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் சும்மா இருந்தது மூன்றே மாதம். அதற்குள் பருப்பு எவ்வளவு நேரம் அவிய வேண்டும் என்பது வரை மனைவிக்குப் புத்தி சொல்லி முடித்திருந்தேன். பொறுக்க முடியாமல் அவள்தான் சந்தியிலிருக்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் போய், "இவரையும் ஒங்க சங்கத்துல சேர்த்துக்கங்க" என்று கேட்டிருக்கிறாள். நானா எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். எந்தச் சமயத்தவர் வீட்டில் சாவு என்றாலும் உட்காரக் கதிரையும் கூடாரமும் சங்கத்திலிருந்து போய்விடும்.

"சேர், ஒங்களுக்கு லேசான வேல. கொடி கட்டுறது" என்றார் நானா.

எங்கள் பக்கம் பிரதான வீதியிலிருந்து சாவு வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டுவது வழக்கம். கண்டியின் மேடு பள்ளச் சந்துகளில், வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்காமல் வந்து சேர்வது அதை வைத்துத்தான்.

ஒரு ஞாயிறு காலை நானா தொலைபேசியில் கூப்பிட்டார். "மேல் வீட்டு ஐயா தவறிட்டாரு, சேர். நான் கூடாரத்துக்குப் போறேன். நீங்க கொடியப் பாருங்க."

எங்கள் சந்து தண்ணீர்த் தாங்கியடியில் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஏறினாலும் ஒரு மேல் வீடு, வலப்பக்கம் ஏறினாலும் ஒரு மேல் வீடு. இரண்டிலும் ஒவ்வொரு ஐயா. எந்த ஐயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

வலப்பக்கத்து ஐயா எங்கள் மதிலுக்கு அடுத்தவர், தனியாள். எங்கள் பலாமரத்துக் கிளை அவருடைய தகரக் கூரைக்கு மேல் சாய்ந்திருப்பதால் மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. தினமும் காலையில் கூரையில் விழுந்த இலைகளைக் கூட்டி எங்கள் முற்றத்தில் தள்ளுவார். இரண்டு நாளாக அதைக் காணோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, இனிக் கிளையை வெட்டத் தேவையில்லை என்ற நிம்மதி. அடுத்த நிமிடமே வெட்கமாகப் போய்விட்டது. மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அவள் பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றத் தொடங்கினாள்.

வீதியிலிருந்து கட்டிக்கொண்டே ஏறினேன். வெட்கத்துக்கு ஈடாக, வேண்டியதைவிட நெருக்கமாகவே கட்டினேன். கடைசிக் கொடி அவர் வீட்டு வாசல் கம்பத்தில். நான் மேலே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, ஆடிய ஏணியை யாரோ கீழே பிடித்தார்கள்.

"யாருக்குங்க கொடி?" கரகரத்த குரல்.

"இந்த வீட்டு ஐயாவுக்கு."

"நல்ல மனுசனா?"

செத்தவரைப் பற்றி வேறு என்ன சொல்வது? "ரொம்ப நல்ல மனுசன்" என்றேன்.

"மூணு வருசமா சொல்லவே இல்லயே."

குனிந்து பார்த்தேன். கழுத்தில் சால்வை சுற்றி, இரண்டு நாள் காய்ச்சல் முகத்தோடு அவர் நின்றார். ஒரு கை ஏணியில், மறு கையில் எங்கள் வீட்டு பிளாஸ்க்கின் மூடி, அதில் பாதித் தேநீர். அவர் பின்னால் என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுதுகொண்டு வந்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள்.

அந்த மனிதர் உயிரோடு இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. முடிச்சைப் பிடித்தபடி மேலேயே நின்றேன்.

"எறங்குங்க. போனது அந்தப் பக்கத்து ஐயா. ஆளுங்க இங்க வந்துருவாங்க, அவுத்து அங்க கட்டணும். நானும் வர்றேன்" என்றார். இறங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு நாளைக்கு நீங்களே கட்டுங்க. இதே மாதிரி நெருக்கமா. அதுக்கு முந்தி அந்தக் கெளைய வெட்டிருங்க."

அடுத்த ஞாயிறு கிளையை வெட்டினேன். ஏணியை அவர்தான் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டுங்க, இன்னும் கொஞ்சம்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.